வழித்துணைக் குவளை

தூத்துக்குடி நகருக்குத் தெற்கே முத்தையாபுரம் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரைக் கடந்தால் உப்பளங்கள் தோன்றும். பாத்திகளில் தேங்கிய உப்புநீர் கண்ணாடிபோல வானத்தைக் காட்டும். வரப்போரங்களில் வெண்ணிற உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். அவற்றிற்கப்பால் துறைமுகத்தின் பளுதூக்கிகளும் கப்பல்களின் கொடிமரங்களும் தெரியும். கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் நீர் இருந்தும், குடிப்பதற்குத் தாமிரபரணி நீரையே எதிர்நோக்கியிருக்கும் ஊர் எங்கள் ஊர். ஆதலின், ஒரு குவளை நல்ல நீரின் அருமை இவ்வூர்ச் சிறுவர்க்கும் நன்கு தெரியும். ஆனால், அந்நீரைத் தாங்கும் குவளையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நானும் நெடுநாள் எண்ணிப் பார்த்தேனல்லேன். அவ்வாறு எண்ணாமையால் நேர்ந்த துன்பத்தையும், பின்னர் அறிந்துகொண்டவற்றையும் உங்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

கடற்கரை மக்களுக்குக் கடல் கடந்து செல்வது புதிதன்று. தூத்துக்குடியில் மாலையிற் புறப்பட்ட கப்பல் மறுநாட் காலை கொழும்புத் துறையை அடைந்த காலம் ஒன்று இருந்தது. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்ததும் இவ்விரு துறைகளுக்கிடையே கப்பல் விடும்பொருட்டே. வணிகரும் தொழிலாளரும் உறவினரைக் காணச் செல்வோரும் அக்கப்பல்களில் ஏறினர். அவர்தம் கையில் நீர்க்கலம் ஒன்று தவறாது இருக்கும். வசதியுடையவர் பித்தளைக் கூஜா கொண்டு சென்றனர். ஏனையோர் செம்பு கொண்டு சென்றனர். அகன்ற வயிறும், குறுகிய கழுத்தும், திருகு மூடியும், தூக்கிச் செல்ல வளைந்த பிடியும் உடையது கூஜா. கூஜா என்பது தமிழ்ச் சொல் அன்று. நீர்க்குடத்தைக் குறிக்கும் ‘கூசா’ என்னும் பாரசீகச் சொல்லே அவ்வாறு திரிந்து நம்மிடம் வந்தது. டம்ளர் என்பதோ ஆங்கிலச் சொல். அடிப்பாகம் உருண்டு, கீழே வைத்தால் சாய்ந்துவிடும் கிண்ணத்திற்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. பழக்க மிகுதியால் சொல்லாராய்ச்சியில் புகுந்துவிட்டேன், பொருளுக்கு மீள்வோம்.

மக்கள் பெருந்திரளாய்க் கூடுமிடத்தும், கூடிப் பயணம் செய்யுமிடத்தும், அவர்களோடு நோயும் உடன் சென்றது. இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், வெறும் மணலாய்க் கிடந்த கடற்கரையில் சில நாட்களுக்குள் ஒரு கூடார நகரமே எழுந்துவிடும். குளிப்பவர், தோணிக்காரர், வணிகர், காவலர் எனப் பல்லாயிரவர் அங்குக் கூடுவர். முத்தெடுக்கும்பொருட்டுச் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவர். அந்நாற்றத்தினிடையே, ஈக்களின் நடுவே, தொலைவிலிருந்து கொணர்ந்த நீரை ஒரே பானையில் முகந்து பலரும் குடிப்பர். வாந்திபேதி என்னும் கொடிய நோய் அத்தகைய கூட்டங்களில் தோன்றி, மக்கள் உயிருக்கு அஞ்சிக் கூடாரங்களை விட்டு ஓடியதும் உண்டு. தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆதலின், அக்காட்சியை இன்றைய மாணவர் நூல்களிலேதான் காணுதல் கூடும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளராய்ச் சென்றோர் நிலையும் இத்தகையதே. அவர்கள் நோயைச் சுமந்து வருவர் என்று அஞ்சிய அந்நாட்டு அரசு, இக்கரையிலேயே முகாம் அமைத்து, அவர்களைச் சில நாள் தங்கவைத்து, மருத்துவர் நோக்கிய பின்னரே கடல் கடக்க விட்டது. தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையில் அத்தகைய முகாம் ஒன்று இருந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் அமைந்து, தனுஷ்கோடியினின்று தலைமன்னாருக்குக் கப்பல் செல்லத் தொடங்கிய பின்னர், மண்டபத்து முகாமே பெரிதாயிற்று. இன்றும் அவ்விடம் மண்டபம் முகாம் என்றே வழங்கப்பெறுகின்றது. தட்டப்பாறை, மண்டபம் என்னும் இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் இறுதியில் அவற்றை மீண்டும் காண்போம்.

வாந்திபேதி நீரின்வழிப் பரவுகின்றது என்பதை 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து மருத்துவர் ஜான் ஸ்நோ என்பவர் காட்டினார். நோயுற்றோர் பலரும் ஒரே தெருக்குழாயின் நீரைக் குடித்தவர் என்பதை வீடுவீடாகச் சென்று அறிந்து, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1884-ஆம் ஆண்டில், செருமானிய அறிஞர் இராபர்ட் காக் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே அந்நோய்க் கிருமியைக் கண்டார். அது முதலாக நீரை வடிகட்டலும் காய்ச்சலும் மருந்திட்டுத் தூய்மை செய்தலும் பரவலாயின. நீரைப் பற்றிய அறிவு இவ்வாறு வளர்ந்தது. கலத்தைப் பற்றிய அறிவோ மெல்லவே பின்தொடர்ந்தது.

அமெரிக்க நாட்டில் அக்காலத்து இரயில் வண்டிகளிலும் பள்ளிகளிலும் நீர்த்தொட்டியருகே ஒரு தகரக் குவளை சங்கிலியால் பிணிக்கப்பட்டிருக்கும். வருவோர் போவோர் யாவரும் அதனையே வாயில் வைத்துப் பருகுவர். 1908-ஆம் ஆண்டில் ஆல்வின் டேவிசன் என்னும் உயிரியல் பேராசிரியர் பள்ளிக் குவளை ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, அதன் விளிம்பில் ஒட்டிக் கிடந்த கிருமிகளை உலகிற்கு எடுத்துக் காட்டினார். கான்சஸ் மாநிலத்து நலவாழ்வு அதிகாரி சாமுவேல் கிரம்பைன் என்பவரோ, காசநோயுற்றோர் வாய்வைத்துக் குடித்த இரயில் குவளையை அடுத்து ஒரு சிறு குழந்தை எடுத்துக் குடித்ததைக் கண்ணாற் கண்டு நெஞ்சம் பதைத்தார். அவரது முயற்சியால் 1909-ஆம் ஆண்டில் அம்மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. ஒருமுறை குடித்துவிட்டு எறியும் காகிதக் குவளை உலகெங்கும் பரவியமைக்கு இதுவே தொடக்கம்.

நம் நாட்டில் இதற்கு மாறாக ஒரு நல்ல வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வந்தது. செம்பையோ குவளையையோ உதட்டில் படாமல் உயர்த்தி, அண்ணாந்து குடிப்பதே அது. வாய்பட்ட கலத்தை எச்சில் என்று விலக்கினர் நம் முன்னோர். மூக்குடைய கெண்டியைப் பயன்படுத்தியதும் இக்கருத்து பற்றியே. ஆயினும் இவ்வழக்கத்தில் இரண்டு குறைகள் உள. ஒன்று, உதடு படாவிடினும் விரல் படுகின்றது. குவளையின் உள்ளே விரலை விட்டுப் பற்றி எடுப்பதும், அக்குவளையையே பானைக்குள் அமிழ்த்தி முகப்பதும் நாம் நாள்தோறும் காண்பவை. மற்றொன்று, எச்சில் என்னும் சொல்லைச் சிலர் வாயினின்று பிரித்துப் பிறப்போடு பிணித்தனர். தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்த இழிவு அதன் விளைவே. கிருமி எவருடைய குலத்தையும் கேட்டு ஒட்டுவதில்லை. கழுவாத குவளை யாவர்க்கும் தீது. கழுவிய குவளை யாவர்க்கும் உரியது. தீண்டாமை 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பாலேயே ஒழிக்கப்பட்ட பின்னும் அவ்விழிவு நெடுங்காலம் நீடித்தமை நாம் நாணத்தக்கதாகும்.

இனி, என் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுவேன். என் தமக்கையாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்றன. அவர் கணவர் தம் சிறுநீரகம் ஒன்றை மனமுவந்து ஈந்தார். மருத்துவர்கள் அதனைத் தமக்கையாரின் உடலிற் பொருத்தினர். இத்தகைய மருத்துவம் உலகில் முதன்முதலாக வெற்றி கண்டது 1954-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆகும். அங்கு ஈந்தவரும் பெற்றவரும் ஒத்த உருவுடைய இரட்டையர்; ஆதலின் ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் அயலதாகக் கருதவில்லை. நம் நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ஆம் ஆண்டில் இது வெற்றிபெற்றது.

இரட்டையர் அல்லாதார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கோட்டைக் காவலரைப் போன்றவை. அயலது எது வந்தாலும் அவை எதிர்த்துத் தாக்கும். புதிய சிறுநீரகத்தையும் அவை பகையென்றே கொள்ளும். ஆதலின், அக்காவலரின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளை நோயாளர் நாள்தோறும் உண்ணல் வேண்டும். காவலர் சோர்ந்தால் உறுப்பு பிழைக்கும். ஆனால், உண்மையான பகைவராகிய கிருமிகளும் எளிதில் உட்புகும். புற்றுநோய்க்கு மருந்துண்போரும், எய்ட்ஸ் நோயுற்றோரும், வெவ்வேறு காரணங்களால் இந்நிலையிலேயே உள்ளனர். நமக்கு ஒருநாள் வயிற்றுவலியாய்க் கழியும் கிருமி அவர்களைப் படுக்கையிற் கிடத்திவிடும். அதிலும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர்க்கு வயிற்றுப்போக்கு நேரின் உடலின் நீர் வற்றிப் புதிய உறுப்பு வருந்தும். குருதியில் மருந்தின் அளவும் நிலைதிரியும்.

இதனை ஒரு நகரமே கண்டதுண்டு. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் கலந்துவிட்டது. அந்நீர் வடிகட்டப்பட்டு, குளோரின் இடப்பட்ட நீரேயாகும். எனினும் தடித்த உறையுடைய அவ்வுயிர் குளோரினுக்கு அஞ்சவில்லை. 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணித்தனர். உடல்வலி உடையோர் சில நாட்களில் எழுந்து நடமாடினர். உயிர் துறந்தவருள் மிகப் பலர் முன்னரே எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தவர்.

இவை எவற்றையும் அறியாத காலத்தில், தமக்கையாருக்கு இலங்கை செல்லும் தேவை ஏற்பட்டது. அவர் மகள் கண்டி நகரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. அறுவை முடிந்து ஓராண்டு கழிந்தமையால் மருத்துவரும் இசைந்தார். “காய்ச்சிய நீரையன்றிப் பிற நீரைப் பருகற்க, பனிக்கட்டி சேர்த்த பானம் கூடாது, பனிக்கட்டியின் குளிரால் கிருமிகள் மடிவதில்லை” என்று எச்சரித்து விடுத்தார். துணைக்கு நான் சென்றேன். நீருக்குப் பொறுப்பும் நானே. புதிய எவர்சில்வர் கூஜா ஒன்று வாங்கினேன். நாள்தோறும் நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதில் நிரப்பினேன். காலைதோறும் அதன் புறத்தைப் புளியிட்டு விளக்கினேன். முகம் பார்க்கலாம்போலப் பளபளத்தது.

நான்காம் நாள் இரவு தமக்கையாருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டன. மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தனர். கையிற் செலுத்திய ஊசிவழியே உப்புநீர் சொட்டுச் சொட்டாய் இறங்கியது. அவ்வூர் மருத்துவர் உணவைப் பற்றியும் நீரைப் பற்றியும் வினவினார். காய்ச்சிய நீரேயன்றிக் கொடுத்ததில்லை என்று நான் சற்றுப் பெருமிதத்தோடே கூறினேன். அவர் கூஜாவைக் கொண்டுவரச் சொன்னார். மூடியைத் திருகி எடுத்து முகர்ந்து பார்த்தார். பின்பு ஓர் ஊசியின் முனையால் மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து என்முன் நீட்டினார். அதன் அடியில் கருமை கலந்த வழவழப்பு ஒன்று படிந்திருந்தது.

“ஐயா, நீங்கள் காய்ச்சியது நீரை, இம்மூடியை அன்று” என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. தமக்கையாரை வருத்திய கிருமி அவ்வளையத்தினின்றுதான் வந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாது என்பதையும் அவரே சொன்னார். எனினும், அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் தமக்கையார் கண்விழித்து, “தம்பி, உன்மேற் பிழையில்லை, பளபளப்பை நானும்தானே பார்த்து மகிழ்ந்தேன்” என்றார். அச்சொல் என்னை மேலும் வருத்தியது.

அவ்வழவழப்பு யாது? ஈரம் மாறாத இடத்தில் கிருமிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, தம்மைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு போர்வையைச் சுரந்துகொள்கின்றன. மூடியின் மரைகளிலும், ரப்பர் வளையத்தின் பள்ளத்திலும், உறிஞ்சு குழலின் உட்புறத்திலும் அவை குடியிருக்கும். நீரை ஊற்றி அலசினால் அப்போர்வை அசைவதில்லை. மேலே மருந்து ஊற்றினாலும் அடியிலுள்ளவை பிழைத்துக்கொள்ளும். ஆகவே, முதற்கண் செய்யத்தக்கது தேய்த்தலே. மூடி, வளையம், குழல் அனைத்தையும் தனித்தனியே கழற்றி, சோப்பிட்டு, மரைகளுக்குள் நுழையும் சிறு தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலசுதல் வேண்டும். தேய்க்காத கலத்திற்கு மருந்திடுதல், அழுக்கின்மேல் வெள்ளையடித்தல் போன்றது. கழற்ற இயலாத மூடியுடைய குப்பியை நோயாளர்க்கு வாங்கவே வேண்டா. விலை மிகுந்த, பல விசைகள் பொருந்திய குப்பிகளைக் காட்டிலும், வாயகன்ற எளிய எவர்சில்வர்க் குவளையே மேல் என்பது என் கருத்து.

தேய்த்தபின் கிருமி நீக்கல். அதற்குச் சிறந்த வழி கொதிநீரே. எவர்சில்வர்க் குவளையையும் மூடியையும் முழுவதும் மூழ்கும்படி பாத்திரத்திலிட்டு, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின்னரும் சில நிமிடம் விட்டுவைத்தல் போதுமானது. மில்வாக்கி நகரை வருத்திய அந்நுண்ணுயிரும் கொதிநீரில் மடியும். குடிக்கும் நீருக்கும் இவ்வாறே ஒரு வரையறை உண்டு. நீர் நன்கு கொதித்த நிலையில் ஒரு நிமிடம் இருத்தல் வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் மூன்று நிமிடம். உயரம் மிக மிக நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதை அறிவியற் பாடத்தில் பயின்றிருப்பீர்கள். சூடு காக்கும் பிளாஸ்க் வகைக் கலங்களை மட்டும் கொதிநீரில் இடலாகாது. அவற்றின் இரு சுவர்களுக்கிடையே வெற்றிடம் உள்ளது. வெப்பத்தால் அதன் அடைப்பு பழுதுறும்.

தேநீர்க் கடைகளில் குவளையை வெந்நீரில் ஒருமுறை அமிழ்த்தி எடுப்பதைக் கண்டிருப்பீர்கள். அது வெறுமனே தண்ணீரில் அலசுவதினும் நன்று; ஆனால், போதுமானதன்று. குளிர்ந்த உலோகத்தில் பட்டவுடன் வெந்நீர் தன் சூட்டை இழந்துவிடும். அமெரிக்க நாட்டு உணவக விதிகள், 77 பாகை செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலம் அரை நிமிடம் மூழ்கியிருத்தல் வேண்டும் என்று வகுத்துள்ளன. கை பொறுக்கும் வெந்நீர் அவ்வளவு சூடுடையதன்று என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

அடுப்பு கிடைக்காத இடத்தில் என் செய்வது? அங்கு நம் ஊர் உப்பே துணை செய்கின்றது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் பிரியும். காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் இத்தொழில் நடைபெறுகின்றது. குளோரினை நீற்றிய சுண்ணாம்பில் செலுத்தினால், கிணறுகளில் இடும் பிளீச்சிங் பவுடர் உண்டாகும். எரிசோடாக் கரைசலில் செலுத்தினால் சலவைத் திரவம் உண்டாகும். மணமும் நிறமும் சேர்க்காத, ஏறத்தாழ 5 விழுக்காடு வலிமையுடைய அத்திரவத்தில் 5 மில்லிலிட்டர், அஃதாவது ஒரு தேக்கரண்டி, எடுத்து ஒரு லிட்டர் நீரிற் கலக்கவேண்டும். கழுவிய கலத்தில் அதனை ஊற்றி, எல்லாப் புறமும் நனையக் குலுக்கி, அரை நிமிடத்திற்குக் குறையாமல் வைத்திருந்து கொட்டிவிடவேண்டும். பின்பு காய்ச்சிய நீரால் அலசிக் காயவைக்கலாம். இதனை வீட்டுப் பெரியோரே செய்யத்தக்கது. சலவைத் திரவத்தோடு எலுமிச்சைச் சாறு, காடி, அமிலம் முதலியவற்றைக் கலந்தால் நச்சுக் காற்று எழும். நெடுநேரம் ஊறவைத்தால் எவர்சில்வரும் அரிக்கப்படும். கிரிப்டோஸ்போரிடியத்திற்கு இம்மருந்து பயனில்லை என்பதால், அடுப்பு கிடைத்தபோதெல்லாம் கொதிநீரையே நாடுதல் தக்கது.

செம்புக் கலத்தில் வைத்த நீரில் கிருமிகள் குறையும் என்பது உண்மையே. ஆனால், அதற்குப் பல மணி நேரம் வேண்டும்; செம்பின்மேல் அழுக்குப் படிந்திருந்தால் அப்பயனும் இல்லை. முன்னோர் வழக்கம் என்பதனாலேயே ஒன்றைக் கண்மூடி நம்புதலும், அக்காரணம் பற்றியே இகழ்தலும் ஆகிய இரண்டும் தவறு.

கடைசியாக உலர்த்தல். இதனைத்தான் யாவரும் மறக்கின்றனர். கழுவிய கலத்தை ஈரத்தோடு மூடிவைத்தால், எஞ்சிய ஓரிரு கிருமிகள் இரவுக்குள் பெருகிவிடும். துணியால் துடைத்தால் துணியின் அழுக்கு கலத்தில் ஏறும். ஆதலின், கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு, கலத்தையும் மூடியையும் வளையத்தையும் தனித்தனியே தூய இடத்தில் கவிழ்த்துவைத்து, காற்றிலே முற்றும் உலரவிடல் வேண்டும். குளோரினுக்கு அஞ்சாத அந்நுண்ணுயிரும் முற்றிய உலர்ச்சிக்கு அஞ்சும். உப்பளத்து மக்களுக்கு வெயிலின் வலிமையைச் சொல்லவேண்டுவதில்லை. எனினும் நான் மூடிக்கு அதனை ஒருநாளும் காட்டினேனல்லேன்.

இரண்டாண்டுகள் கழித்துத் தமக்கையார் மீண்டும் கண்டிக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். பேரனின் இரண்டாம் பிறந்தநாள். இம்முறை எங்கள் பையில் வாயகன்ற குவளைகள் இரண்டு, சிறு தூரிகை, சோப்பு, உலர்ந்த தூய துணிப்பைகள், நீர் கொதிக்கவைக்கும் சிறிய மின்கெண்டி ஆகியவை இருந்தன. ஒன்று உலரும்போது மற்றொன்று பயன்படும் என்பதால் குவளை இரண்டு. மதுரை வானூர்தி நிலையத்தில், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கையிற் கொண்டுசெல்ல விடார் என்பதை முன்னரே அறிந்து, உலர்ந்த வெறுங்கலத்தையே எடுத்துச் சென்றோம். சோதனை முடிந்த பின்னர், முத்திரை உடையாத நீர்ப்புட்டி ஒன்றை வாங்கி, அதனையே திறந்து பயன்படுத்தினோம். நிலையத்துக் குழாய்நீரை நிரப்பவில்லை. வானூர்தியிற் கொடுத்த குவளையைத் தமக்கையார் புன்முறுவலோடு மறுத்துவிட்டார்.

நீரைத் தூய்மை செய்தல் எளிது; மறுத்தல் அரிது. இதை அவர் என்னிடம் பன்முறை கூறியதுண்டு. நம் நாட்டில் வீட்டிற்கு வந்தவர்க்கு முதலில் நீட்டுவது நீரே. அதனை வாங்காமலிருத்தல், அவ்வீட்டாரை அவமதித்தலாகக் கொள்ளப்படும். எச்சில், தீட்டு என்றெல்லாம் பிறரை ஒதுக்கிய நாட்டில், குவளையை மறுக்கும் ஒருவரின் உள்ளத்தை யார் அறிவார்? ஆதலின், தமக்கையார் எந்த வீட்டிலும் குவளை வரும்வரை காத்திருப்பதில்லை. உள்ளே நுழைந்ததும் தம் நோயை முதலிற் சொல்லிவிடுவார்.

அப்பயணத்தில் நுவரெலியாவில் மருமகனின் உறவினர் ஒருவர் வீட்டிற்குச் சென்றோம். கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் அது. அங்கு நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். வீட்டிற்குரிய மூதாட்டியார் எங்களை வரவேற்று, தட்டில் குவளைகளை ஏந்தி வந்தார். தமக்கையார் எழுந்து, “அம்மா, தப்பாக எண்ணாதீர்கள். நான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவள். கொதிநீரில் இட்டெடுத்த கலத்திலன்றிக் குடிக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை” என்றார்.

மூதாட்டியாரின் முகம் வாடவில்லை. “இதற்கென்ன அம்மா, சற்றிருங்கள்” என்று தட்டைத் திருப்பிக் கொண்டுபோனார். அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறும் ஓசை கேட்டது. நீர் கொதிக்கும்வரை எங்களோடு வந்து அமர்ந்து பேசினார். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தட்டப்பாறை முகாம்வழியே கொழும்புக்குக் கப்பல் ஏறியவராம்; பாட்டியார் பின்னாளில் மண்டபம்வழியே வந்தவராம். முகாமில் தங்கிய நாட்களைப் பற்றிப் பாட்டியார் சொல்லக் கேட்டவற்றை எங்களுக்குக் கூறினார். பின்னர், அலமாரியின் மேற்றட்டினின்று ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வந்து தமக்கையார் மடியில் வைத்தார். பாட்டியார் ஊரிலிருந்து கொண்டுவந்தது அதுவாம். கழுத்தருகே நசுங்கியிருந்தது, பெயரெழுத்துகள் தேய்ந்திருந்தன.

தமக்கையார் அதனை இரு கைகளாலும் ஏந்தி, வாயினுள் எட்டிப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதற்குள் மூதாட்டியார் உள்ளே சென்று, கொதிநீரினின்று இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்துவைத்த இரண்டு குவளைகள் உலரும்வரை காத்திருந்து, அவற்றில் ஆவி பறக்கத் தேநீரை ஊற்றிக் கொண்டுவந்தார்.